பைப்பராசிலின்–டாசோபாக்டம் ஊசியைத் தோட்டத்துச் சாளையில் வைத்துப் போடலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் விவசாயம் செய்யும் எங்கள் அப்பச்சிக்கு (தாத்தாவுக்கு) வயது 72, எடை 55 கிலோ. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. மஞ்சள் வெட்டும்போது மண்வெட்டி பட்ட பாதம் சீழ் பிடித்துக் கணுக்கால் வரை வீங்கிவிட்டதால், ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சீழை அகற்றிவிட்டு, பைப்பராசிலின்–டாசோபாக்டம் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) ஊசியை 4.5 கிராம் அளவில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் போட்டார்கள். மீதி ஐந்து நாளுக்கு ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்து, கையில் கேனுலாவுடன் (மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) அனுப்பிவிட்டார்கள்.

சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) வந்து ஊசி போடச் சம்மதித்தவர், நள்ளிரவு ஊசிக்கு வர இயலாது, அதையும் சேர்த்துக் காலையில் இரண்டாகப் போட்டுவிடலாம், சிரிஞ்சிலேயே ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம் என்கிறார். சேர்த்த அன்று 1.1 ஆக இருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு), வெளியே வரும் நாளில் 1.9 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பச்சி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. என்ன செய்வது?

மறுமொழி (மருந்தாளுநர், ஈரோடு)

தம்பி, நீங்கள் கடைசியில் சொன்ன 1.9 தான் முதலில் பார்க்க வேண்டியது. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதைக் கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுத்தால், ஆண்களுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று தோராயமாகத் தெரியும். அப்பச்சிக்கு 1.1 இருந்த நாளில் அது 47, 1.9 என்னும்போது 27. நாற்பதுக்குக் கீழே போனால் இந்த மருந்தைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோதான் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் ஆறு மணி நேரக் கணக்கு, 47 இருந்த நாளில் எழுதிய கணக்காக இருக்கலாம். அளவு மிஞ்சி உடம்பில் தேங்கினால் குழப்பமும், சிலருக்கு வலிப்பும் வரும். ஆனால் நீங்களாகவே ஊசியை நிறுத்திவிடாமல், இன்றே அந்த மருத்துவரை அழைத்து இரண்டு எண்களையும் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு ஊசியை ஒன்றாகப் போடுவது கூடவே கூடாது. இந்த வகை மருந்து, ஒரே நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதைவிட, இரத்தத்தில் போதுமான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பொறுத்தே கிருமியைக் கொல்கிறது. நள்ளிரவில் விட்ட இடைவெளியைக் காலையில் கொடுக்கும் இரட்டை அளவு ஈடுகட்டாது. கிருமிக்கு ஓய்வும் சிறுநீரகத்துக்குச் சுமையும்தான் மிஞ்சும். சிரிஞ்சில் ஏற்றுவதும் தவறு. குப்பியிலுள்ள தூளில் 20 மில்லி சுத்த நீரோ சலைனோ விட்டு, கட்டியில்லாமல் தெளியும்வரை மெதுவாகச் சுழற்றி, 100 மில்லி சலைன் பாட்டிலில் கலந்து, குறைந்தது அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கவிட வேண்டும். போடும் நேரத்தில் கலக்குவதே நல்லது. அமிகாசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக் ஊசியும் எழுதியிருந்தால் அதே பாட்டிலில் கலந்துவிடக் கூடாது. அமிகாசினின் வீரியம் கெட்டுவிடும்.

மறுமொழி (செவிலியர், பெருந்துறை)

மேலே சொன்னதோடு ஒன்று. ஐந்து நாள் ஒத்துக்கொண்டது, இனி ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பென்சிலின் இனத்து மருந்துக்கு ஒவ்வாமை எந்த ஊசியிலும் வரலாம். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல், அதைத் தொடைத் தசையில் உடனே போடத் தெரிந்தவர் அருகில் இல்லாமல், ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டுப் போடும் மருந்து இது இல்லை. கேனுலா இருக்கும் இடம் சிவந்து, நரம்பு கயிறுபோல் தடித்து, தொட்டால் வலித்தால், அதில் மேற்கொண்டு எதுவும் ஏற்றாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (பொது மருத்துவர், கோயம்புத்தூர்)

மருந்தாளுநர் போட்ட கணக்கு சரி. ஆனால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது உண்மைத் திறன் அந்த 27ஐவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும். ஆகவே சீட்டைத் திருத்தி வாங்கினால் மட்டும் போதாது, இன்றே மறுபடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கூடவே வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா, வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டார்களா என்று சீட்டில் பாருங்கள். இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை. அதிலும் வான்கோமைசினும் இந்த மருந்தும் சேரும்போது கிரியாட்டினின் உயர்வதை அடிக்கடி காண்கிறோம்.

சீழில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். டாசோபாக்டமின் வேலை, பைப்பராசிலினை உடைக்கும் கிருமியின் நொதியைத் தடுப்பது; எல்லா நொதியையும் அது தடுத்துவிடாது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் இரத்தத்தில் கலந்திருந்த நோயாளிகளிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் இந்த மருந்தில் 12.3 விழுக்காடு, மெரோபெனம் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கில் 3.7 விழுக்காடு. இது உங்கள் அப்பச்சிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் பத்து நாளை எண்ணி முடிப்பதில் பயனில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சாப்பாடு இறங்காத சர்க்கரை நோயாளியை, கிரியாட்டினின் ஏறும் நிலையில், சாளையில் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலையே கோபியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். கிரியாட்டினின் 2.1. முதல் மூன்று நாள் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருக்கிறார்கள், வான்கோமைசின் இல்லை. ஊசியை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றி, பழைய கேனுலாவை எடுத்துவிட்டு இடக்கையில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்க மாமா இன்று காலை ஈரோட்டுக்குப் பேருந்து ஏறியிருக்கிறார். வந்ததும் எந்தக் கிருமி என்று இங்கே எழுதுகிறேன்.