சாய்ந்த பலாவை எடுக்க 24,000 ரூபாய், மரமும் அவருக்கா?

பாகூர்வாசி:
ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்னிக்கு (2024 நவம்பர் 30) ராத்திரி எங்க தோட்டத்துப் பலா வேரோட சாஞ்சு, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை சீட் மேல கிடக்கு. பெரிய மரம், அடியை ஒரு ஆளால கட்டிப்பிடிக்க முடியாது. வீட்டுக்கு வர்ற கரன்ட் ஒயர் ஒரு கிளையில மாட்டியிருக்கு. ஒருத்தர் நேர்ல வந்து பார்த்துட்டு 24,000 கேட்கிறார், மரத்தையும் அவரே எடுத்துக்குவாராம். இன்னொருத்தர் போன்லயே 12,000ன்னு சொன்னார், வந்து பார்க்கவே இல்லை. எது நியாயமான ரேட்?

பண்ருட்டித் தோப்பு:
காசு, மரம் ரெண்டையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. பலா என்ன முருங்கையா, வெட்டிப்போட்டா போதும்னு விட? வைரம் பாஞ்ச (நடுக்கட்டை கெட்டியான) பலா கதவு நிலைக்குப் போகும், மிருதங்கக் கட்டைக்குப் போகும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா விழுந்துச்சு. அப்பவும் வந்தவங்க, "எடுத்துட்டுப் போறதே உங்களுக்குப் பெரிய உதவி"ன்னுதான் பேசினாங்க. மனசு உடைஞ்சு நிக்கிறவன்கிட்ட பேசுற பேரம் அது. கேட்ட விலைக்குக் கொடுத்தவங்க இன்னிக்கும் வருத்தப்படுறாங்க.

சங்கிலி ரம்பம்:
நான் இந்தத் தொழில்தான் செய்யறேன் அண்ணே. நிக்கிற மரத்தை வெட்டுறதும் கூரை மேல படுத்த மரத்தை வெட்டுறதும் ஒரே வேலை இல்லை. சீட்லயும் சுவத்துலயும் தாங்கி நிக்கிற மரத்துல ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கும், மறுபக்கம் நசுங்கிக்கிட்டு இருக்கும். நசுங்குற பக்கம் ஆழமா ரம்பத்தை விட்டா பார் (சங்கிலி ஓடுற தகடு) கடிச்சுக்கும். இழுக்குற பக்கம் அவசரப்பட்டா கட்டை தெறிச்சு மூஞ்சில அடிக்கும். அதை விட மோசம் வேர்மண்டை. அடிமரத்தோட பாரம் போனதும், பேந்து நிக்கிற வேர் மண்ணோட சேர்ந்து திரும்பக் குழிக்குள்ளயே நிமிரும். அந்தக் குழியில குழந்தை நின்னா என்ன ஆகும்? அண்ணே, இப்பவே அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க. மின்துறை ஆள் வந்து லைனை எடுக்குற வரைக்கும் மரத்தையும் தொடாதீங்க.

போன்ல 12,000 சொன்னவர் இதுல எதையும் பார்க்கலை. வேலை பாதியில நிக்கும்போதுதான் "இது வேற, அது வேற"ன்னு ஏத்துவார்.

பண்ருட்டித் தோப்பு:
ஆபத்து இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக 24,000 எப்படி வருது? கணக்கைச் சொல்லுங்க தம்பி.

சங்கிலி ரம்பம்:
நான் போயிருந்தா இப்படித்தான் போடுவேன். மேல ஏறுற ஆளுக்கு 2,000. கீழ மூணு பேர், தலைக்கு 1,200. கிரேன் ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சாலும் குறைஞ்சபட்ச வாடகையைக் கேட்பாங்க, 8,000 வைங்க. டிராக்டர் ரெண்டு நடை 3,000. பெட்ரோல், ஆயில், சங்கிலி 1,500. ஆக 18,100. சங்கிலியைச் சாதாரணமா நினைக்காதீங்க. வீட்டு மரத்துல கொடி கட்ட அடிச்ச ஆணி உள்ளயே புதைஞ்சிருக்கும், ஒரு ஆணி போதும் பல்லெல்லாம் போயிடும். பலாப்பால் வேற ஒட்டும். மிச்சம் 5,900. சீட் உடைஞ்சா, ஆளுக்கு அடிபட்டா, அதுலதான் பார்க்கணும்.

பண்ருட்டித் தோப்பு:
நீங்களே சொல்லிட்டீங்க. செலவும் லாபமும் அந்த 24,000லயே அடங்கிடுச்சு. அப்புறம் மரம் எதுக்கு? அது கூலிக்கு மேல கூலி.

பட்டுக்கோட்டை தென்னை:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். 2018ல கஜா புயல் எங்க தென்னையை அழிச்சப்போ அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்துச்சு. அந்த 500 கையில வர்றதுக்கு முன்னாடியே பொக்லைன்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்துச்சு. தென்னங்கட்டையைச் சும்மா கொடுத்தாக்கூட எடுக்க ஆள் இல்லை. அப்படியே போட்டவங்க தோப்புல கட்டை மக்கி, அதுல காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிச்ச மரத்தோட குருத்தைத் தின்னுச்சு. அதனால அப்புறப்படுத்துற கூலியைக் குறைச்சு மதிக்கிறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனா பலா தென்னை இல்லை. கூரையை விட்டு இறக்குறது இன்னிக்கு அவசரம், அடிமரத்தை விக்கிறது அவசரம் இல்லை. வெளிப்பக்க வெள்ளைக்கட்டையில புழு விழும், வைரம் தாங்கும். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கிற வாரத்துல விக்காம, மேடான இடத்துல உருட்டிப் போட்டுட்டுப் பொறுத்து வித்தா என்ன?

சங்கிலி ரம்பம்:
அதுக்குக் கிரேன் இன்னொரு தடவை வரணும் சார். அந்த வாடகையையும் கணக்குல சேருங்க. அடிமரம் உள்ளே பொக்கையா இருந்தா வெறும் விறகுதான், ரெண்டு வாடகையும் தண்டம். மரத்தை நாங்க கேட்கிறது பேராசைன்னு சொல்றது வலிக்குது. அறுத்துப் பார்க்கிற வரைக்கும் உள்ளே என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது.

பாகூர்வாசி:
பின்பக்கம் வேரைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியான சத்தம்தான். அடியில எட்டடி வரைக்கும் முழுசா இருக்கு, அதுக்கு மேல கவையில பொளந்துடுச்சு. ரெண்டு ரேட்டா கேட்கலாமா? மரம் எனக்குன்னா ஒரு தொகை, அவருக்குன்னா ஒரு தொகை.

சங்கிலி ரம்பம்:
தாராளமா கேளுங்க. நேர்மையானவர் ரெண்டும் சொல்வார். நான்னா மரம் உங்களுக்குன்னா 23,000, எனக்குன்னா 15,000. கிரேன் வாடகை, டிராக்டர் நடை, சீட் உடைஞ்சா யார் பொறுப்பு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வாங்குங்க.

பண்ருட்டித் தோப்பு:
வித்தியாசம் 8,000. எட்டடி முழு அடிமரத்துக்கு அது குறைவுன்னுதான் நான் இப்பவும் சொல்வேன். முதல்ல மரம் அறுக்கிற மில்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அப்புறம் பேசுங்க. இன்னொண்ணு, வெட்டுறவங்க தூக்க வசதியா மூணடி மூணடியா துண்டு போட்டுடுவாங்க. மூணடித் துண்டு அடுப்புக்குத்தான். நிலைக்கு ஏழடி வேணும்.

சங்கிலி ரம்பம்:
அதை ரம்பத்தை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சொல்லணும் அண்ணே. பச்சைப் பலா ஏழடித் துண்டை நாலு ஆளால தூக்க முடியாது, கிரேன் நிக்கும்போதே டிராக்டர்ல ஏத்திடணும். மில்காரர் முந்தின நாளே வந்து சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போகட்டும், அந்தக் கோட்டுலயே வெட்டித் தர்றோம்.

பாகூர்வாசி:
மின்துறைக்குப் புகார் சொல்லிட்டேன், நாளைக்குக் காலையில வர்றாங்க. நெட்டப்பாக்கத்துல மில் வச்சிருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டயும் பேசிட்டேன். குழியைச் சுத்திக் கயிறு கட்டியாச்சு.