கலியாணத்துக்கு முன் வீட்டுக் கடன்: ஒருவர் பெயரிலா, இருவர் பெயரிலுமா?

அலஸ்தோட்டம் ரீச்சர்:

வணக்கம். எனக்குத் தையில் கலியாணம். எழுத்தை (திருமணப் பதிவை) ஐப்பசியிலேயே வைத்துவிடலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறார்கள். நான் அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், மாப்பிள்ளை திருகோணமலை டவுனில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறார், சொந்த இடம் யாழ்ப்பாணம். அப்பா சீதனமாக 15 பேர்ச் காணி எழுதித் தருகிறார். அதில் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு ஒன்று, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்தபடி நிற்கிறது. கூரை, பூச்சு, கதவு, யன்னல், கிணறு எல்லாம் சேர்த்து 50 இலட்சம் போகும் என்று மேசன் சொல்கிறார்.

முதலில் அவர் தன் பெயரில் மட்டும் கடன் கேட்டார். காணி உங்கள் பெயரில் இல்லையே என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். சரி, நான் மட்டும் எடுக்கிறேன் என்றால் என் சம்பளத்துக்கு 50 இலட்சம் வராதாம். இருவரும் சேர்ந்து எடுங்கள், ஆனால் திருமணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறார்கள்.

இதற்குள் வீட்டிலும் கதை கிளம்பிவிட்டது. பெண்பிள்ளை கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது என்று மாமா நிற்கிறார். அவர்கள் வீட்டிலோ, பெண்ணின் காணியில் கட்டும் வீட்டுக்கு எங்கள் பிள்ளை ஏன் இருபது வருடம் தவணை கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது, அதனால்தான் குழம்பிப்போய் இருக்கிறேன். நாங்கள் இருவரும் சண்டை இல்லாமல் இதை முடிக்க விரும்புகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று அண்ணன்:

தங்கச்சி, வங்கி சொன்னதில் பிழை இல்லை. கடனுக்கு ஈடாக வைக்கும் காணி யாருடையதோ அவர் கடனிலும் இருக்க வேண்டும் என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள், நாளைக்குத் தவணை நின்றால் காணிக்காரர் ‘எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவர்கள் பயம். ஆகவே காணி உங்கள் பெயரில் இருக்கும்வரை அவர் தனியாக எடுப்பது என்ற பேச்சையே விடுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டே வழி, நீங்கள் தனியாக, இல்லையென்றால் இருவரும் சேர்ந்து.

சேர்ந்து எடுத்தால் பத்திரத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று இருக்கும். பலர் அதை வாசிக்காமல் ஆளுக்குப் பாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, ஒருவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் மற்றவரிடம் கேட்கலாம். ஒருவரின் கடன்களையும் கட்டிய விதத்தையும் வங்கிகளுக்குக் காட்டும் கிரிப் அறிக்கையிலும் இருவர் பெயரிலும் அந்தக் கடன் நிற்கும். பிறகு அவர் ஒரு லீசிங் எடுக்கப் போனாலும் இந்தத் தவணையைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

ஒரு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன், எழுத்துக்கு முன் சேர்ந்து கையெழுத்து வைக்காதீர்கள். எந்த வங்கி சம்மதித்தாலும் வேண்டாம். கலியாணம் ஏதோ காரணத்தால் நின்றால் கடன் நிற்காது. நாங்களே பேசி ஒருவரை விலக்கிக்கொள்கிறோம் என்று வங்கியிடம் சொல்ல முடியாது, மிஞ்சுபவரின் சம்பளம் மட்டும் போதுமா என்று பார்த்து வங்கி சம்மதித்தால்தான் மற்றவர் வெளியே வரலாம். விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்தவர்களுக்கும் இதே கதைதான்.

அப்பா இன்னும் காணி உறுதி (பத்திரம்) முடிக்கவில்லையா? அதைச் சொல்லுங்கள்.

அலஸ்தோட்டம் ரீச்சர்:

இல்லை அண்ணா, நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) வரைவு மட்டும் தந்திருக்கிறார். நன்கொடை உறுதி, என் பெயரில் மட்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சீவிய உரித்து வைத்து எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை யாழ்ப்பாணம் என்பதால் தேசவழமை வரும் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார், அது என்ன என்று சரியாக விளங்கவில்லை.

கந்தோர்க் காகிதம்:

நான் சட்டத்தரணி கந்தோர் ஒன்றில் உறுதி வேலை பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் கடனைவிட இந்த வரைவுதான் முக்கியம்.

சீவிய உரித்து என்றால் காணி உங்களுடையது, ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவர்களுடையது. பெற்றார் தங்கள் பாதுகாப்புக்கு வைப்பது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஈடு வைக்கப் போனால் வங்கிச் சட்டத்தரணி இதில்தான் கை வைப்பார். தவணை நின்றால் காணியை விற்க வேண்டும், பெற்றாரின் உரித்து இருக்கும் காணியை யார் வாங்குவார்கள்? அப்பாவும் அம்மாவும் ஈட்டு உறுதியில் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போதே அப்பாவோடு பேசுங்கள். உறுதி முடிந்த பிறகு மாற்றினால் இன்னொரு உறுதி, இன்னொரு செலவு. நன்கொடை உறுதி புதியது என்றாலும் வங்கி கொஞ்சம் யோசிக்கும், நன்றிகெட்டதனம் என்று காட்டி நன்கொடையை ரத்துச் செய்யக் கேட்டுப் பெற்றார் நீதிமன்றம் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்காகவும் பெற்றாரைக் கையெழுத்து வைக்கச் சொல்வது உண்டு.

அடுத்தது தேசவழமை. அது தமிழர் எல்லோருக்குமான சட்டம் இல்லை, வடக்கை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு உரியது, திருகோணமலைத் தமிழர் என்பதால் மட்டும் அது உங்களுக்கு வராது. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஆணைக் கட்டும் பெண் திருமணம் நீடிக்கும்வரை அதற்கு உட்படுவாள். அவர் குடும்பம் இப்போதும் யாழ்ப்பாணத்தில்தான் நிலைகொண்டிருக்கிறதா, இல்லை இங்கேயே வேரூன்றிவிட்டார்களா என்பதை வைத்துத்தான் இது முடிவாகும், உங்கள் நொத்தாரிசிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வந்தால் என்ன மாறும்? எழுத்து முடிந்த நாளில் இருந்து உங்கள் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயம் இல்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம், ஆனாலும் அது வழக்கு. ஆக, நீங்கள் தனியாகக் கடன் எடுத்தாலும் அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது.

இப்போது அவர் வீட்டார் கேட்டதற்கு வருகிறேன். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் காணி யாருடையதோ அதில் கட்டிய வீடும் அவருடையது. அவர் இருபது வருடம் தவணை கட்டினாலும் உறுதியில் பெயர் இல்லாதவர்தான். உங்களுக்கு ஒன்று நேர்ந்து, மரணசாசனமும் (உயிலும்) இல்லை என்றால், பொதுச் சட்டத்தில் கணவருக்குப் பாதியும் மீதி பிள்ளைகளுக்கும் போகும், பிள்ளை இல்லாவிட்டால் அந்த மீதிப் பாதி உங்கள் பெற்றார் சகோதரர் பக்கம் போகும். தேசவழமையில் இன்னும் கடினம், சீதனக் காணி பிள்ளைகளுக்கு, பிள்ளை இல்லாவிட்டால் உங்கள் பெற்றார் பக்கமே திரும்பும். கடனுக்கு முழுப் பொறுப்பு, வீட்டில் பங்கு இல்லை என்ற நிலை அவருக்கு வரக்கூடும். அவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. அப்பா மனம் வைத்தால் உறுதியையே இருவர் பெயரிலும் எழுதலாம், ஆனால் அப்போது அது உங்கள் தனிச் சீதனம் இல்லை, பிறகு கேட்டுத் திருப்ப முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைச் செய்ய மாட்டேன். காணி உங்கள் பெயரில் இருக்கட்டும், எழுத்துக்குப் பிறகு வீட்டில் அவருக்கு உரிய பங்கை எழுதி நொத்தாரிசு முன் ஒரு மரணசாசனம் முடியுங்கள். எழுத்துக்கு முன் எழுதினால் பயனில்லை, திருமணம் நடந்ததும் முந்திய மரணசாசனம் செல்லாமல் போய்விடும்.

நிலாவெளி வீதி:

காகிதம் எல்லாம் சரி, தவணையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நானும் மனைவியும் சேர்ந்து எடுத்த கடன்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

50 இலட்சம், 20 வருடம், வட்டி 11 சதவீதம் என்றால் மாதம் கிட்டத்தட்ட 51,600 ரூபா. அதே கடன் 25 சதவீதத்துக்குப் போனால் 104,900. இது கற்பனைக் கணக்கு இல்லை, வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வீதமே 2022 முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியது, 2024 முடிவில் 9க்குக் கீழே வந்தது. சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியில் எடுத்திருந்தவர்கள் வட்டி ஏறிய அந்தக் காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் சம்பளம் முழுவதும் வங்கிக்கே போனது, மற்றவர் சம்பளத்தில் சாப்பிட்டோம். கடனில் ஒருவர் பெயர் மட்டும் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும், அதனால் பெயரைவிட ‘ஒரு சம்பளத்தில் தவணை, ஒரு சம்பளத்தில் வீடு’ என்று ஓடுமா என்று முதலில் பாருங்கள். முதல் சில வருடத்துக்காவது நிலையான வட்டி கேளுங்கள்.

15 வருடம் என்றால் அதே 11 சதவீதத்துக்குத் தவணை 56,800 அளவில் வரும். மாதம் 5,200 தான் கூட, மொத்தத்தில் 21 இலட்சத்துக்கு மேல் மிச்சம்.

காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். கடனோடு வரும் ஆயுள் காப்புறுதியில் யார் பெயர் என்று கேளுங்கள். சில இடத்தில் சம்பளம் கூடியவரை மட்டும் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள், மற்றவருக்கு ஒன்று நேர்ந்தால் கடன் அப்படியே நிற்கும். சேர்ந்து எடுத்தால் இருவரையும் காப்புறுதி செய்யுங்கள்.

லிங்கநகர் அக்கா:

நான் வேறு மாதிரிச் சொல்கிறேன் பிள்ளை. நானும் ரீச்சர்தான். அரச உத்தியோகத்தருக்கு ஆதனக் கடன் (வீடு, காணிக்கான கடன்) இருக்கிறதே, வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அதை உங்கள் பெயரில் தனியாக எடுத்து கூரையும் இரண்டு அறையும் முடித்துக் குடிபோகலாம், பூச்சும் மதிலும் பிறகு பார்க்கலாம். 50 இலட்சமும் ஒரேயடியாக வேண்டும் என்று யார் சொன்னது? தையில் புது வீட்டுக்குள் போக வேண்டும் என்பதற்காகப் பெரிய கடன் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று கவனம், முதல் ஈடு ஒரு இடத்தில்தான் வைக்கலாம். வங்கிக் கடனை எடுத்துவிட்டுப் பிறகு ஆதனக் கடனுக்கு அதே காணியைக் கொண்டுபோனால் சிக்கல். எது முதலில் என்று இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

மாமாவிடம் சொல்லுங்கள், காணிக்காரி கையெழுத்து வைக்காமல் அந்தக் காணியை ஈடு வைக்க எவராலும் முடியாது. கையெழுத்து வைப்பது உங்களுக்குப் பாதுகாப்பும்தான்.

அலஸ்தோட்டம் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவோடு இரவு பேசினேன். சீவிய உரித்தை எடுக்க அம்மாவுக்கு மனமில்லை, ஆனால் ஈட்டு உறுதியில் இருவரும் கையெழுத்து வைக்கச் சம்மதம். அவரும் உறுதியில் தன் பெயர் வேண்டாம், மரணசாசனம் போதும் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார். முதலில் ஆதனக் கடன் எவ்வளவு வரும் என்று பார்க்கிறோம், போதாவிட்டால் அதை விட்டுவிட்டு எழுத்துக்குப் பிறகு இருவர் பெயரிலும் வங்கியில். ஒரு சந்தேகம்: கட்டட வரைபடம் அப்பா பெயரில்தான் பிரதேச சபையில் அனுமதி எடுத்தது. மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் லீசிங் வேறு ஓடுகிறது, இன்னும் ஏழு தவணை.

கந்தோர்க் காகிதம்:

உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்ததும் அனுமதியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், அனுமதிக் காலம் முடிந்திருந்தால் புதுப்பிக்கவும் வேண்டும். காணி வீதி விரிவாக்கத்துக்குள் வருகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் வங்கி கேட்கும், சேர்த்தே விண்ணப்பியுங்கள். அலஸ்தோட்டம் என்றபடியால் காணி கடலில் இருந்து 300 மீட்டருக்குள் வருகிறதா என்று பிளானில் பாருங்கள், வந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் தேவை.

பாலையூற்று அண்ணன்:

ஏழு தவணைதானே, முடியுமானால் விண்ணப்பத்துக்கு முன் கட்டி முடித்து லீசிங் கம்பனியிடம் கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தத் தவணை கழிந்தால் கிடைக்கும் கடன் தொகை கூடும். கிரிப் அறிக்கையை இருவரும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் பிந்திய தவணைகூட அதில் கிடக்கலாம், முகாமையாளர் முன்னால் இருந்து அதை முதல்முறை பார்க்க வேண்டாம்.