பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், ஹீமோகுளோபின் ஏறியது

சிறுநீரகம் மாற்றிப் பதினோராவது மாதம் என் ஹீமோகுளோபின் 17.6. டயாலிசிஸ் காலத்தில் ஊசி போட்டும் 9-ஐத் தாண்டாத ஆள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ காலையில் எழுந்தால் தலை கனக்கும், முகம் சிவந்திருக்கும். அடுத்த மாதம் ரத்தம் எடுத்தபோது, குழாயில் கருஞ்சிவப்பாக மெல்ல மெல்ல ஏறியதை நானே பார்த்தேன். ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 53 சதவீதம்.

மாற்று சிறுநீரகம் வைத்தவர்களில் சிலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் இப்படிச் சிவப்பணு கூடும் என்றார் என் மருத்துவர். ரத்தம் கெட்டியானால் எங்காவது உறைந்து அடைக்கலாம், அதுதான் பயம். பழைய சிறுநீரகங்களில் கட்டி இல்லை, புதியதன் ரத்தக்குழாயில் சுருக்கம் இல்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு லோசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை எழுதினார்.

"எனக்குத்தான் பிரஷர் 130/80 இருக்கே, எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். உடலில் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்த அழுத்தத்தை மட்டும் ஏற்றுவதில்லை, சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையையும் தூண்டுகிறது. லோசார்ட்டன் அதைத் தடுக்கும் என்றார். மூன்று மாதத்தில் 15.4-க்கு வந்தது. பொட்டாசியம் மட்டும் 5.3 வரை போனது (புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸும் அதை ஏற்றுமாம்), அதனால் சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு.

அப்புறம்தான் சிக்கல். வேறொரு இடத்தில் காட்டியபோது, பொட்டாசியத்தைப் பார்த்து லோசார்ட்டனை நிறுத்தி ஆம்லோடிபின் என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். பிரஷர் அழகாக நின்றது. இரண்டே மாதத்தில் ஹீமோகுளோபின் திரும்பவும் 17.2! இந்த மாத்திரை எனக்கு எதற்காக என்று சீட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது மருந்துச் சீட்டின் மேலேயே "லோசார்ட்டன் – சிவப்பணுவுக்காக" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்:
அண்ணா, எங்கள் அம்மாவுக்கு நேர் எதிர். மாற்று அறுவைக்குப் பிறகு பிரஷருக்காக எனாலாப்ரில் கொடுத்தார்கள், அதுவும் ஆஞ்சியோடென்சினைக் குறைக்கும் மாத்திரைதான். முதலில் வறட்டு இருமல், ராத்திரி தூக்கமே இல்லை. அதோடு ஹீமோகுளோபினும் 11.5-லிருந்து 9.6-க்கு இறங்கியது. இரும்புச்சத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மருத்துவர் மாத்திரையை மாற்றியதும் இருமல் நின்றது. ஹீமோகுளோபின் பழைய அளவுக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியதற்கும் அம்மாவுக்கு இறங்கியதற்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம் என்று புரிகிறது. அம்மா சீட்டிலும் இன்றே எழுதிவிடுகிறேன்.