பதினாறு வயதுப் பெடியனை உள்ளே போடாமல் வேறு என்ன செய்யலாம்? இதற்கு ஊர்மக்கள் குழு சரிவருமா?

பனங்கூடல்:

எங்கள் வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வருகிற ஒரு தாய் சென்ற மாதம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மகனுக்கு 15 வயது. இன்னொருவருடைய மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி அகப்பட்டவன். வழக்கு முடியும்வரை ஒரு சிறுவர் இல்லத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "தம்பி, இவனை என்னோட வைச்சிருக்க நான் என்ன எழுதிக் குடுக்க வேணும்?" எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதனால் இதை முன்வைக்கிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழு வேண்டும். பெற்றோர், ஆசிரியர், நன்னடத்தை அதிகாரி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கட்டாயமாக ஒரு காலத்தில் உள்ளே இருந்து வந்த ஒருவர். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை வழக்கில் அகப்பட்டால் அவனை அனுப்ப வேறு என்ன வழி இருக்கிறது என்று தேடி, அதை ஒழுங்குபண்ணி வைத்திருப்பதே இவர்களின் வேலை. அமெரிக்காவில் பிள்ளைகளை அடைத்து வைப்பதைக் குறைக்க அன்னி ஈ. கேசி அறக்கட்டளை 1992 இல் தொடங்கிய திட்டம் இப்படித்தான் போனது. நீதிபதி, பொலிஸ், நன்னடத்தைப் பகுதி, ஊர்மக்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, எந்தப் பிள்ளை எதற்காக உள்ளே போகிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பாதகமான குற்றம் செய்யாத பிள்ளைகளும் நிறையப் பேர் உள்ளே இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எதிர்ப்பவர்களும் எழுதுங்கள்.

கடைக்காரன்:

நான் எதிர்ப்பு. காரணத்தையும் சொல்கிறேன்.

இரவு ஏழரை மணி. கடையின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றக் கதவைச் சாத்தப் போனேன். இரண்டு மோட்டார்சைக்கிள், நாலு பேர், முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாளால் முதலில் குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடியைக் கொத்தினார்கள். நான் கையைக் குறுக்கே போட்டேன். இடது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. அரிசி மூட்டையை நான் தூக்கி இரண்டு வருடம். அதில் ஒருத்தனுக்கு 16 வயது. என் கடையில் ஐஸ்பழம் வாங்கித் திண்டு வளர்ந்தவன். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பிணையில் வந்த மூன்றாம் நாள் அவன் என் கடைக்கு முன்னால் மெதுவாக ஓடிக்கொண்டு போனான். என் மனைவி உள்ளே போய்க் கதவைப் பூட்டினா. நீங்கள் சொல்கிற பன்னிரண்டு பேரில் எனக்கு ஒரு கதிரை இருக்கிறதா, பனங்கூடல்? பெற்றோர், ஆசிரியர், உள்ளே இருந்தவன் எல்லோரையும் எழுதினீர்கள். வெட்டு வாங்கினவனை எழுதவில்லை.

அமெரிக்காவைப் பற்றி நானும் வாசித்தேன். சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டியில், சிறுவர் தடுப்பு நிலையத்தை 2025 க்குள் வேறு தேவைக்கு மாற்றிவிடுவோம் என்று 2020 இல் சொன்னார்கள். ஆலோசனைக் குழுவும் போட்டார்கள். 2025 வந்தது, நிலையம் மூடவில்லை.

பனங்கூடல்:

அண்ணை, கதிரை போடாதது என் பிழை. மறைக்கவில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் பெரிய பிழை.

கிங் கவுண்டி பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தக் குழு சொன்னவற்றில் இரண்டு எனக்குப் பெறுமதியாகப் பட்டது. ஒன்று, இரவு பகல் எந்நேரமும் பொலிஸ் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடக்கூடிய இடம். மற்றது, சிறுவர் தங்கக்கூடிய சிறு சிறு பராமரிப்பு வீடுகள். அவர்கள் மூடுகிற வருடத்தை முதலில் அறிவித்துவிட்டு வீட்டைப் பிறகு தேடினார்கள் என்பது என் எண்ணம். நாங்கள் எதையும் மூடச் சொல்லவில்லை. வீட்டை முதலில் தேடுவோம் என்கிறேன்.

கறுப்புக்கோட்டு:

நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறவள் என்ற முறையில் சட்டத்தைக் கொஞ்சம் தெளிவாக்குகிறேன். இதற்குப் புதுச் சட்டம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939 இல் வந்தது. பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், தகுந்த ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தை மேற்பார்வையில் விடலாம் என்ற வழிகள் அதிலேயே இருக்கின்றன. நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944 இல். 2018 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமே அல்ல என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பு அது 8 வயது. 12 க்கும் 14 க்கும் இடையில் உள்ள பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிள்ளையை அடைத்து வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கும் மட்டுமே இருக்க வேண்டும் என்பது ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 37 ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991 இல் ஏற்றது.

அப்படியானால் ஏன் உள்ளே போகிறார்கள்? நீதவான் கேட்பார்: "இந்தப் பிள்ளையைப் பொறுப்பெடுக்க ஆரும் இருக்கினமா?" தாய் அழுதுகொண்டு நிற்பா. தகப்பன் இருக்கமாட்டார், அல்லது அவரே குடித்துவிட்டு அடிப்பவர் என்று அறிக்கையில் இருக்கும். பின்னால் மண்டபம் நிறையச் சனம். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நீதவான் ஒரு நிமிடம் பார்ப்பார், பிறகு எழுதுவார். அந்த ஒரு நிமிடத்தில் எழும்பி "நான் இருக்கிறேன், விலாசம் இது" என்று சொல்ல ஆள் வேண்டும். குழு செய்ய வேண்டியது அந்த ஆட்களைத் தேடி ஆயத்தமாக வைத்திருப்பது.

கடைக்காரன் அண்ணை, வாள்வெட்டுப் போன்ற பாரதூரமான வழக்கு இந்தக் குழுவின் கையில் வராது, வரவும் கூடாது. பிணை வேண்டாம் என்று சொல்லப் பொலிசாருக்கும் வழி இருக்கிறது. உங்கள் கடைக்கு முன்னால் அவன் வந்தது சாட்சியை அச்சுறுத்துவது. அதை உடனே நீதிமன்றத்துக்குத் தெரிவித்திருந்தால் பிணையையே ரத்துச் செய்யக் கேட்டிருக்கலாம். உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்குக் கோபமாக இருக்கிறது.

கடைக்காரன்:

சொல்லவில்லைப் பிள்ளை. ஒருத்தரும் சொல்லவில்லை.

வேலிக்கப்பால்:

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் நான் இந்தக் குழுவுக்கு எதிர்ப்பு, கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல.

யாழ்ப்பாணத்தில் ஊர்மக்கள் குழு என்றால் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற அதிபர், சங்கத் தலைவர். அவர்கள் ஆரின் பிள்ளைக்கு "நல்ல குடும்பம், பெடியன் தெரியாமல் செய்துபோட்டான்" என்று எழுதுவார்கள்? ஆரின் பிள்ளைக்கு "அங்கத்தையான் பெடியள் அப்படித்தான்" என்று எழுதுவார்கள்? சாதியை வாயால் சொல்லமாட்டார்கள். ஒழுங்கையின் பெயரைச் சொல்வார்கள், போதும். நீதவான் வெளி இடத்திலிருந்து வருகிறவர், இடமாற்றத்தில் போகிறவர். அவருக்கு என் அப்பா என்ன தொழில் செய்தார் என்று தெரியாது. அந்தத் தெரியாமை எங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

இன்னொன்று. இல்லத்துக்குப் போன பிள்ளையின் கதை ஓரளவுக்காவது மூடியிருக்கும். பன்னிரண்டு பேர் கூடிப் பேசினால் பின்னேரத்துக்குள் சந்தையில் நிற்கும். அக்காவுக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் அது வந்து விழும்.

ரீச்சர்:

வேலிக்கப்பால் சொல்வதை மறுக்க எனக்கு வாய் இல்லை. முப்பது வருடம் படிப்பித்தேன். திரும்பி வந்த பிள்ளையை வகுப்பில் சேர்க்கிறதா என்ற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் வந்து நிற்பார்கள். அவர்களின் பயமும் பொய்யில்லை. மாவா என்ற போதைப்பாக்குப் போடுகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் கொடுப்பான். நாங்கள் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்கவில்லை.

கறுப்புக்கோட்டு:

வேலிக்கப்பால் எழுப்பிய கேள்விதான் இந்த விவாதத்திலேயே கனமானது. வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஸ்கொட்லாந்தில் 1971 முதல் சிறுவர் விசாரணைச் சபை என்ற முறை நடக்கிறது. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மூன்று பேர் இருந்து பிள்ளைக்கு என்ன தேவை என்று முடிவெடுப்பார்கள். ஆனால் பிள்ளை அதைச் செய்ததா இல்லையா என்று பிரச்சினை வந்தால் அது நீதிமன்றத்துக்குப் போய்விடும். ஊர்ச்சனம் குற்றத்தைத் தீர்மானிப்பதில்லை. நியூசிலாந்தில் 1989 இன் சட்டப்படி குடும்பக் கூட்டம் வைப்பார்கள். அதற்குப் பாதிக்கப்பட்டவரையும் அழைக்க வேண்டும். வர விரும்பாவிட்டால் அவருக்காக இன்னொருவர் வரலாம்.

எங்களிடமும் 1988 இன் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற தொண்டர்கள் சிறு வழக்குகளை இணக்கமாக்குகிறார்கள். அதிலும் நீங்கள் சொன்ன சாய்வு நடக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

அதனால் என் கருத்து இது. இந்தக் குழு எந்தப் பிள்ளையின் பெயரையும் கேட்கக் கூடாது. கோப்பைத் தொடக் கூடாது. இன்னாருக்குக் கொடு, இன்னாருக்குக் கொடாதே என்று எழுதவும் கூடாது. அது நன்னடத்தை அதிகாரியின் வேலை. 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு அந்தத் திணைக்களம் மாகாணத்தின் கையில் இருக்கிறது. எந்தக் கராச்சில் இடம் உண்டு, எந்த வீட்டில் ஒரு கட்டில் உண்டு, எந்தப் பள்ளிக்கூடம் திரும்பச் சேர்க்கும் என்ற பட்டியலை மட்டும் குழு வைத்திருக்கட்டும்.

சில்லுக்காரன்:

நான் இங்கே எழுதுவது முதல் தடவை. 15 வயதில் ஒரு இல்லத்தில் 11 மாதம் இருந்தவன். களவு வழக்கு. செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

அங்கே அடி விழுந்ததைப் பற்றி எழுத வரவில்லை. போனபோது எனக்குத் தெரிந்தது ஒரு களவு. வந்தபோது சாமான் எங்கே விற்கலாம், எந்த வளவில் நாய் இல்லை, ஐஸ் போதைப்பொருள் ஆரிடம் எடுக்கலாம் என்று எல்லாம் தெரியும். படிப்பித்தது அங்கே இருந்த மற்றப் பெடியள். அம்மா இரண்டு பஸ் மாறி வருவா. ஒரு நாள் கூலி போகும் என்பதால் மாதத்தில் ஒருக்கால்தான். ஓ.எல். எழுதவில்லை.

வெளியில் வந்த பிறகு சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டார். குழுவும் இல்லை, கடிதமும் இல்லை. முதல் நாள் சில்லு நெளிவெடுக்கக் காட்டினார். சில்லைக் கவையில் மாட்டிச் சுழற்றிவிட்டு, ஒரு சோக்குத் துண்டை ரிம்முக்குக் கிட்டப் பிடிப்பார். எங்கே வெள்ளை படுகிறதோ அங்கே நெளிவு. அந்த இடத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத்தான் திருப்ப வேண்டும். கூடத் திருப்பினால் மற்றப் பக்கம் இழுத்துவிடும். நான் ஒரு பின்னேரம் முழுக்க ஒரே சில்லோடு இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, "நாளைக்கும் வா" என்றார். எனக்கு ஆறு மணிக்குப் பிறகுதான் பயம். அந்த நேரத்தில்தான் மற்றவர்கள் சந்தியில் நிற்பார்கள். பத்து நாளில் அவருக்கு அது விளங்கிவிட்டது. பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் மறித்து வைத்திருப்பார்.

குழு போடுகிற ஆட்களிடம் கேட்கிறேன். உங்களில் ஆர் ஆறு மணிக்குப் பிறகு இருப்பீர்கள்?

வேலிக்கப்பால் அண்ணை சொன்னதும் உண்மை. அந்த ஐயா என் ஊர் இல்லை, மூன்று ஊர் தள்ளி. என்னைத் தெரியாதவர். அது எனக்கு உதவி.

வேலிக்கப்பால்:

தம்பி, நீர் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். சரி, கோப்பைத் தொடாத, பெயர் கேட்காத குழு என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மற்றப் பாதிக்கு ஒரு நிபந்தனை. பிள்ளையை அவனுடைய ஊரிலேயே பொறுப்புக் கொடுக்கக் கூடாது, அவன் விரும்பினால் ஒழிய. அப்புறம் ஒரு கேள்வி, பனங்கூடல். முதல் கூட்டம் எங்கே?

பனங்கூடல்:

கோயில் மண்டபம் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அதைத்தான் யோசித்திருந்தேன்.

வேலிக்கப்பால்:

அந்த மண்டபத்துக்குள் என் அப்பாவை விடவில்லை. நான் வரமாட்டேன்.

பனங்கூடல்:

மாற்றுகிறேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு பின்னேரம் இடம் கேட்கிறேன், அதிபர் எனக்குத் தெரிந்தவர். ரீச்சர், நீங்களும் வாருங்கள், திரும்பச் சேர்க்கிற பள்ளிக்கூடங்களோடு நீங்கள்தான் பேச வேண்டும்.

சில்லுக்காரன்:

இப்போது எனக்கென்று கடை இருக்கிறது. இரண்டு பெடியன்களை எடுக்கலாம். நாலு மணியிலிருந்து ஒன்பது வரை. சாப்பாடு அம்மா தருவா. எழுதிக்கொள்ளுங்கள்.

கடைக்காரன்:

நான் இன்னும் எதிர்ப்புத்தான். என் கை மாறவில்லை. ஆனால் ஞாயிறு வருகிறேன். பிணையில் வருகிற பெடியன் வெட்டு வாங்கினவனின் கடைப் பக்கம் வரக் கூடாது என்பதை ஆர் பார்ப்பது, வந்தால் ஆருக்குச் சொல்வது, அந்த ஆளின் தொலைபேசி எண் எது என்பதை முதலில் பேச வேண்டும். அதைப் பேசி முடிக்காமல் கட்டில் கணக்கெடுக்கத் தொடங்கினால் எழும்பி வந்துவிடுவேன்.

கறுப்புக்கோட்டு:

அதை முதல் விடயமாகப் போடுங்கள், பனங்கூடல். நான் வருகிறேன். அந்தத் தாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவ கேட்ட கடிதத்தை எழுதிக்கொடுப்போம்.