மூன்றரை வயசுப் பாப்பாவுக்குப் பொருந்துற ஹெல்மெட் கோவையில் எங்கே கிடைக்கும்?

பொண்ணுக்கு மூன்றரை வயசு, 13 கிலோ. ஜூன்ல இருந்து பிளே ஸ்கூல் போறா. ஒண்டிப்புதூர்ல இருந்து சிங்காநல்லூர், திருச்சி ரோடு வழியா ஆக்டிவாவில் நானும் அவளும் மட்டும். காலையில் ஹெல்மெட்டை எடுத்தாலே அழுகை. மத்தியானம் திரும்பும்போது வண்டியிலேயே தூங்கிடுறா. எனக்குப் பயமே இந்தத் தூக்கம்தான்.

முன்னாடி மாட்டுற குட்டி சீட் வாங்கினோம். வண்டியைத் திருப்பினா முழங்கால் ஹேண்டில்ல இடிக்குது. ஷேர் ஆட்டோவில் பிள்ளைங்களை அடைக்கிற அடைப்பைப் பார்த்துட்டு அதை நிறுத்தியாச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி மூஞ்சி கழுவி, பிஸ்கட் கொடுத்தும் பார்த்தேன். பாதி வழியிலேயே கண் சொருகிடுது.

இப்போ என்னோட சேர்த்துக் கட்டுற பெல்ட் போட்டுப் பின்னாடி உட்கார வைக்கிறேன். விழ மாட்டா. ஆனா தலை தொங்கும்போது லூசான ஹெல்மெட் சரிஞ்சு கண்ணை மறைக்குது, பயந்து அலறுறா.

9 மாசத்துல இருந்து 4 வயசு வரை பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கி.மீ. தாண்டக் கூடாதுன்னு 2023 பிப்ரவரியிலிருந்தே விதி இருக்கு. தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாமாம். ("நாங்கெல்லாம் ஹெல்மெட் போட்டா வளர்ந்தோம்"னு மாமியார் ஏற்கெனவே கேட்டாச்சு, இங்கேயும் அதைச் சொல்லிடாதீங்க.)

பாப்பாவோட தலைச் சுற்றளவு 49 செ.மீ. நான் போன கடைகள்ல இருந்ததிலேயே சின்னது 54.

49-க்குச் சரியா உட்கார்ற, கனமில்லாத ஹெல்மெட் கோவையில் எந்தக் கடையில் வாங்கினீங்க?