டிகோஹெரன்ஸ்: ‘ஓரியல் சிதைவு’ வேண்டாம், ‘ஓரியல் கலைவு’ என்று வைப்போம்

> ‘ஓரியல் சிதைவு’ என்றே வைத்துவிடலாமே. படிக்கிறவர்களுக்கு உடனே புரியுமே.

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு குவாண்டம் பொருள் சூழலோடு உறவாடி, தன் அலைத்தன்மையைக் காட்ட முடியாமல் போவதை டிகோஹெரன்ஸ் (decoherence) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்ததுதான் மேலே உள்ள யோசனை.

உடனே புரியும், சரி. ஆனால் நடக்காத ஒன்று நடப்பதாகப் புரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. சொல்லின் முதல் பாதியில் எனக்கு முழு உடன்பாடு. பள்ளிப் பாடத்தில் ‘ஓரியல் மூலங்கள்’ படித்தவர்களுக்கு, ஓரியல் என்றதுமே கட்ட வேறுபாடு (ஏற்ற இறக்கங்களில் ஒன்றுக்கொன்று உள்ள முன்பின்) மாறாத அலைகள் நினைவுக்கு வந்துவிடும். குவாண்டத்திலும் நமக்கு வேண்டியது அதுவேதான்: மேற்பொருந்தி நிற்கும், அதாவது ஒரே பொருளில் ஒருசேர இருக்கும், இரண்டு நிலைகளுக்கு இடையே கட்ட உறவு குலையாமல் இருப்பது. ஓரியலுக்குப் பதில் ‘ஒத்திசைவு’ என்று முன்மொழிந்தவரும் இதைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கும் ஒத்ததிர்வு ஞாபகம்தான் வரும். கையில் பழகிய சொல் இருக்கும்போது அதை விட்டுப் போக வேண்டாம்.

இரண்டாம் பாதியில்தான் தகராறு. ‘சிதைவு’ ஏற்கெனவே கதிரியக்கத்துக்குப் போய்விட்ட சொல். ஒரு கரு சிதைந்தால் பழைய கரு இல்லை, வேறொன்றாகிவிட்டது. டிகோஹெரன்ஸில் அப்படி எதுவும் உடைவதில்லை. என்னதான் நடக்கிறது என்று ஒரு சோதனையை வைத்தே பார்த்துவிடுவோம்.

வியன்னாவில் 2004-இல் செய்தார்கள். 70 கரியணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளைக் கீற்றணிகள் (நெருக்கமான பிளவுகள் கொண்ட தகடுகள்) வழியே அனுப்பினால், அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது வருகிற குறுக்கீட்டுப் பட்டைகள் கிடைக்கும். அவ்வளவு பெரிய மூலக்கூறும் அலை போல நடந்துகொள்ளும். அப்புறம் அதே மூலக்கூறுகளை உள்ளே விடும் முன் லேசரால் சூடேற்றினார்கள். சூடான பொருள் ஒளிரும் அல்லவா? மூலக்கூறும் பறக்கும் வழியில் ஒளியன்களை (ஒளித் துகள்களை) உமிழ்ந்தது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி, சுமார் 3000 கெல்வினில் அநேகமாக மறைந்தே போயின. கருவி எண்ணிய மூலக்கூறுகள் முழுசாகத்தான் வந்து சேர்ந்தன. எந்த வழியாக வந்தது என்ற சேதியை மட்டும் ஒளியன்கள் வெளியே கொண்டுபோய்விட்டன. அந்தச் சேதியை யாரும் படித்துப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, அது வெளியே போயிருந்தாலே போதும்.

இதனால்தான் ‘ஓரியல் இழப்பு’ என்ற பரிந்துரையும் எனக்கு நிறைவு தரவில்லை. இழந்தது என்றால் எங்கும் இல்லை என்றாகிவிடும். மூலக்கூறு, அது உமிழ்ந்த ஒளியன்கள், சுற்றியுள்ள எல்லாம் என்று மொத்தமாகச் சேர்த்து எழுதினால் கட்ட உறவு அங்கேதான் இருக்கிறது. மூலக்கூறு சூழலோடு பின்னலாகிவிட்டது (entanglement); இரண்டையும் இனித் தனித்தனியாக முழுமையாக விவரிக்க முடியாது. நாம் சூழலைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு மூலக்கூறுக்கு மட்டும் அடர்த்தி அணி (நிலைகளின் நிகழ்தகவுகளையும் அவற்றுக்கிடையே உள்ள கட்ட உறவையும் காட்டும் எண் அட்டவணை) எழுதுகிறோம். அப்போது மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கும் உறுப்புகள் சுழியை நெருங்குகின்றன. குறுக்கீட்டுக்குக் காரணமானவை அவைதான்.

இருந்தது அழியாமல், திரும்பச் சேர்க்க முடியாதபடி பரவிப் போவதற்குத் தமிழில் நல்ல வினை ஒன்று உண்டு: கலைதல். கூட்டம் கலைந்தது என்கிறோம். ஆட்கள் யாரும் மறைந்துவிடவில்லை, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கூட்டம் என்ற ஒன்றுதான் அங்கே இல்லை. ஆகவே என் முன்மொழிவு: ஓரியல் கலைவு.

வினையாகவும் நன்றாக இழுத்துக்கொண்டு வருகிறது. ‘ஓரியல் கலைந்தது’, ‘சூழல் ஓரியலைக் கலைக்கிறது’, ‘கலைவு நேரம்’, ‘கலையாத நிலை’. பாரிசில் இயற்பியலாளர் செர்ஜ் அரோஷ் குழுவினர் 1996-இல் செய்த சோதனையை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். மீக்கடத்தி ஆடிகளுக்கு நடுவே சில ஒளியன்களே கொண்ட ஒரு புலத்தை, வேறு வேறு கட்டமுள்ள இரண்டு நிலைகளின் மேற்பொருந்தலாக வைத்தார்கள். அந்த இரண்டு நிலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நின்றனவோ அவ்வளவு விரைவாக ஓரியல் கலைந்தது. வாக்கியம் தடுக்காமல் போகிறது. பெரிய பொருள்களை ஏன் மேற்பொருந்திய நிலையில் நாம் பார்ப்பதில்லை என்ற கேள்விக்கும் இதே வாக்கியம்தான் வழிகாட்டுகிறது.

அளந்தவுடன் பல சாத்தியங்கள் ஒன்றாகச் சுருங்குவதற்கு ‘அலைச்சார்புச் சரிவு’ என்ற சொல் இருக்கிறதே, அதிலேயே இதையும் அடக்கிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். சரிவு உண்டா இல்லையா என்பதிலேயே குவாண்டம் கோட்பாட்டின் விளக்கங்கள் பிரிகின்றன. எவரெட் 1957-இல் முன்வைத்த பல்லுலக விளக்கத்தில் சரிவே கிடையாது. போம் 1952-இல் வெளியிட்ட கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அங்கும் சரிவுக்கு வேலையில்லை. 1986-இல் கிரார்தி, ரிமினி, வேபர் மூவரும் சரிவை உண்மையான இயற்பியல் நிகழ்வாகவே வைத்து, குவாண்டம் நிலை காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மாற்றினார்கள். ஆனால் 1970-இல் ட்சே தொடங்கி, எண்பதுகளில் சூரெக் வளர்த்தெடுத்த டிகோஹெரன்ஸ் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்தே வருவது. எந்த விளக்கக்காரரும் அதை மறுக்க வேண்டியதில்லை. அதற்குச் சரிவு என்று பேர் வைத்தால், மாணவர் வாதத்தைக் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்.

அதோடு, ஓரியல் கலைந்த பிறகும் பல விளைவுகளின் நிகழ்தகவுப் பட்டியல்தான் கையில் இருக்கும். அவற்றில் ஏன் இந்த ஒன்று மட்டும் கிடைத்தது என்ற அளவீட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது.

‘கட்டக் குலைவு’ என்று வந்த பரிந்துரை நல்ல சொல், வீணாக்க வேண்டாம். டீஃபேசிங்குக்கு (dephasing, கட்டங்கள் மட்டும் ஒழுங்கு கெடுவதற்கு) அதை வைத்துக்கொள்ளலாம். சீரில்லாத காந்தப்புலத்தில் தற்சுழற்சிகள் (சின்னஞ்சிறு காந்தங்கள் போன்ற அணுக்கருக்கள்) ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சுற்றி ஒழுங்கு கெடும்; ஹான் 1950-இல் காட்டியபடி, சரியான நேரத்தில் ஒரு துடிப்பைக் கொடுத்தால் அவை மறுபடி ஒன்றுசேர்ந்து எதிரொலி தரும். சூழலுக்குள் சேதி போகவில்லை, அதனால் மீட்க முடிகிறது. இதைக் குலைவு என்றும், சூழலோடு பின்னிக்கொண்டு போவதைக் கலைவு என்றும் பிரித்தால் கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) பற்றி எழுதுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

மறுப்பு இருந்தால், அந்தச் சொல்லை வைத்து வியன்னாச் சோதனையை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்வோம். இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. சூழல் கலைக்காமல் விட்டுவைக்கும் நிலைகளுக்கு, அளவுமானியின் முள்ளை வைத்து சூரெக் கொடுத்த பெயருக்கு (pointer state), ‘முள்நிலை’ என்பதா, ‘சுட்டுநிலை’ என்பதா? எனக்குச் சுட்டுநிலை பிடித்திருக்கிறது. முள் இல்லாத கருவிக்கும் அது பொருந்தும்.