பொருள்: 'ரெட்கான்' என்பதற்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல்

தருமபுரியிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான திரைக்கதைப் பாடக்குறிப்பைத் திங்கட்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். ஒரு தொடரின் பிந்தைய படம், முந்தைய படத்தில் நடந்து முடிந்ததை மாற்றியோ செல்லாததாக்கியோ விடுவதை ரெட்கான் என்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட சான்று டெர்மினேட்டர் என்ற ஆங்கிலத் திரைப்படத் தொடர். 1991-இல் வந்த இரண்டாம் படம் முழுவதும் ஜான் என்ற சிறுவனைக் காக்கும் போராட்டம்; 1997 ஆகஸ்ட் 29-இல் வர வேண்டிய பேரழிவும் தடுக்கப்பட்டதென்ற நம்பிக்கையோடு அது முடிகிறது. 2003-இல் வந்த மூன்றாம் படம், அந்த நாள் தள்ளித்தான் போனது என்றது. 2019-இல் வந்த ஆறாம் படமோ, மூன்றாவது முதலான படங்களை ஒதுக்கிவிட்டு, தொடக்கத்திலேயே ஜானைக் கொன்றுவிட்டது. வாடகைக் குறுந்தகட்டில் இரண்டாம் படத்தைத் தேயத் தேயப் பார்த்து வளர்ந்தவன் நான். புதிய படம் நன்றாக இல்லை என்பதற்காக நான் வருந்தவில்லை. என்னிடம் இருந்த பழைய முடிவையும் அது பறித்துக்கொண்டதே என்றுதான் வருந்தினேன். 'பின்திருத்தம்' எனலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, பின்திருத்தம் என்றால் அச்சுப்பிழை திருத்துவதுபோல் இருக்கிறது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மாறுகொளக் கூறல்' இருக்கையில் புதுச்சொல் எதற்கு? ஆறு படங்களையும் வரிசையாக வைத்தால், அதே பட்டியலிலுள்ள 'சென்று தேய்ந்து இறுதல்', அதாவது நன்றாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது, என்பதும் பொருந்துகிறது.

ஓசூரிலிருந்து:

சென்று தேய்ந்து இறுதல் நம் ஏமாற்றத்தின் பெயர் அம்மா, அவர்கள் செய்த செயலின் பெயரன்று. மாறுகொளக் கூறல் முன்பின் முரண்படுவதோடு நின்றுவிடுகிறது. ரெட்கான் அந்த முரணையே புதிய உண்மையாக நிலைநாட்டுகிறது. மாணவர்கள் ரெட்கான் என்றே சொல்கிறார்கள். அப்படியே எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

விளங்குவது மட்டும் போதுமென்றால் கலைச்சொல்லே வேண்டியதில்லை. வழுவாக இருப்பினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்கிறோம். 'கதை வழுவமைதி' என்க. அதியமான் தந்த நெல்லிக்கனியால் ஔவை பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார் என்று சொல்லி, ஆத்திசூடியையும் அவரிடமே சேர்த்த பிற்காலக் கதை இதுதானே?

தருமபுரியிலிருந்து:

எங்கள் ஊர்க்காரன் அதியமானைத் தொட்டுவிட்டீர்கள், ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். புறநானூறு 91-ஆம் பாட்டில் ஔவை நெல்லிக்கனிக்காக அதியமானை வாழ்த்துகிறார். 235-இல் அவன் இறந்ததற்குக் கலங்கிப் பாடுகிறார். பிற்காலக் கதைகள் ஔவையின் ஆயுளை எவ்வளவு நீட்டினாலும் அந்த இரங்கற்பாட்டைத் தொடவில்லை. அதியமான் இறந்தது இறந்ததாகவும் ஔவை கலங்கியது கலங்கியதாகவுமே இருக்கின்றன. மேலே சேர்ப்பது வேறு, கீழே இருப்பதைப் பெயர்த்தெடுப்பது வேறு. மேலும், அமைதி என்பது நாம் ஏற்றுக்கொண்ட வழுவுக்குரிய பெயர். ஜானின் சாவை நான் ஏற்கவில்லை. 'முன்கதை மறுப்பு' எனலாம்.

ஓசூரிலிருந்து:

முந்தைய காலத்துக்குப் போகும் படத்தை அதே குறிப்பில் 'முன்கதை' என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் குழம்புவார்கள். 'முன்' வேண்டாம், 'கதைமறுப்பு' போதும், அடைப்புக்குறிக்குள் ரெட்கான் என்றும் இருக்கட்டும்.

தருமபுரியிலிருந்து:

நேரமில்லாமையால் அப்படியே தருகிறேன். இருவருக்கும் நன்றி.

கிருஷ்ணகிரியிலிருந்து:

கதைமறுப்பு என்றால் கதையே வேண்டாமென மறுப்பதாகும். அச்சில் வரட்டும் ஐயா; என் வகுப்பில் நான் வழுவமைதி என்றே சொல்லிக்கொடுப்பேன்.